எம்பிஏ வகுப்பறையில் கணினிக்கு என்ன வேலை? 'பீர் கேம்' முதல் சாட்ஜிபிடி வரை... முழு விளக்கம்

எம்பிஏ சேர்க்கை சீசன் வந்துவிட்டால் போதும், கல்லூரி விளம்பரங்களில் சில வார்த்தைகள் தவறாமல் இடம்பிடித்துவிடும். ஸ்மார்ட் கிளாஸ், டிஜிட்டல் கேம்பஸ், ஏஐ வழிக் கல்வி. கடன் வாங்கியாவது பிள்ளையைப் படிக்க வைக்கும் பெற்றோருக்கு இதெல்லாம் பெரிய வசதியாகத்தான் தெரியும்.

ஆனால், கரும்பலகையில் எழுதியதைத் திரையில் காட்டுவதற்குப் பெயர் தொழில்நுட்பக் கல்வியா? நிர்வாகவியல் மாணவர்களுக்குப் பாடம் நடத்தக் கணினி உண்மையிலேயே எங்கே உதவுகிறது, எங்கே வெறும் அலங்காரமாக நின்றுவிடுகிறது? விரிவாகப் பார்க்கலாம்.

நிர்வாகவியலுக்கு 'லேப்' எங்கே?

வேதியியல் மாணவருக்கு ஆய்வகம் இருக்கிறது. மருத்துவ மாணவருக்கு மருத்துவமனை இருக்கிறது. ஆனால் மேலாளர் ஆகப் போகிறவர் எங்கே போய்ப் பழகுவது? 'கொஞ்ச நாள் நடத்திப் பாருங்கள்' என்று எந்த நிறுவனமும் தன் கம்பெனியை மாணவர் கையில் கொடுக்காது.

இந்தப் பிரச்னைக்கு முதலில் கிடைத்த பதில் 'கேஸ் ஸ்டடி'. ஒரு நிறுவனத்துக்கு நேர்ந்த நிஜமான சிக்கலை எழுதிக் கொடுத்து, 'நீங்கள் அந்த நாற்காலியில் இருந்தால் என்ன செய்வீர்கள்?' என்று மாணவர்களை வாதாட விடும் முறை. அமெரிக்காவின் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் தனது முதல் கேஸை 1921-ல் வெளியிட்டது. ஒரு காலணி நிறுவனத்தைப் பற்றியது அது. 1961-ல் ஹார்வர்டின் ஒத்துழைப்போடு தொடங்கப்பட்ட ஐஐஎம் அகமதாபாத் வழியாக இந்த முறை இந்தியாவிலும் வேரூன்றியது.

கேஸ் ஸ்டடி நல்ல முறைதான். ஆனால் அதில் ஒரு குறை உண்டு. மாணவர் ஒரு முடிவைச் சொல்வார், அதற்காக வாதாடுவார், மணி அடித்ததும் வகுப்பு முடிந்துவிடும். அவர் சொன்னபடி செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. தன் முடிவின் விளைவை அவர் அனுபவிக்கவே மாட்டார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சொல்வது இதைத்தான்.

கணினிக்கு வேலை வருவது இந்த இடத்தில்தான்.

போர்ப் பயிற்சியில் இருந்து வந்த யோசனை

மாணவர் எடுக்கும் முடிவுக்கு உடனே விளைவைக் காட்டும் முறைக்கு 'சிமுலேஷன்' என்று பெயர். தமிழில் பாவனைப் பயிற்சி எனலாம். இதன் பூர்வீகம் ராணுவம். நிஜச் சண்டைக்கு முன் மேஜையில் போரை நடத்திப் பார்ப்பது ராணுவ அதிகாரிகளுக்குப் பழைய வழக்கம். 1950-களின் மத்தியில் அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனம், விமானப்படையின் உதிரிபாக இருப்பைச் சமாளிக்கப் பழகுவதற்காக 'மோனோபோலாக்ஸ்' என்ற விளையாட்டை உருவாக்கியது.

அதே யோசனையை அமெரிக்க மேலாண்மைச் சங்கம் வியாபாரத்துக்குக் கொண்டுவந்தது. 1956-57 காலகட்டத்தில் ஐபிஎம் 650 கணினியில் ஓடும் ஒரு நிர்வாக விளையாட்டை அது உருவாக்கியது. விளையாட வந்தவர்கள் நிறுவன அதிகாரிகள். அணி அணியாகப் பிரிந்து ஒரே பொருளுக்காகப் போட்டியிட வேண்டும். விலை என்ன, விளம்பரத்துக்கு எவ்வளவு, ஆராய்ச்சிக்கு எவ்வளவு, உற்பத்தி எத்தனை என்று முடிவெடுத்தால், கணினி கணக்குப் போட்டு லாப நஷ்டத்தைச் சொல்லும்.

அடுத்து பிட்ஸ்பர்க் நகரில் இருந்த கார்னகி டெக் (இன்றைய கார்னகி மெலன் பல்கலைக்கழகம்) மாணவர்களுக்காகவே ஒரு பெரிய விளையாட்டை வடிவமைத்தது. சலவைத்தூள் சந்தையில் மூன்று நிறுவனங்கள் மோதிக்கொள்வது போன்ற அமைப்பு அது.

கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இணையம் வகுப்புக்குள் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே நிர்வாகக் கல்விக்குள் கணினி வந்துவிட்டது. அது பாடத்தைக் காட்ட வரவில்லை. மாணவரை முடிவெடுக்க வைக்கவே வந்தது.

'பீர் கேம்' என்றால் என்ன?

இந்த வகை விளையாட்டுகளில் உலகப் புகழ் பெற்றது 'பீர் கேம்'. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில், ஜே ஃபாரெஸ்டர் என்ற பேராசிரியரின் ஆய்வு வட்டத்தில் இது பிறந்தது. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், இதில் குடிப்பதற்கு எதுவும் இல்லை. சோப்பு, பிஸ்கட், டயர் என்று எந்தப் பொருளை வைத்தாலும் கணக்கு ஒன்றுதான்.

ஓர் அணிக்கு நான்கு பேர். சில்லறை வியாபாரி, மொத்த வியாபாரி, டிஸ்ட்ரிபியூட்டர், ஆலை என ஆளுக்கு ஒரு வேடம். விதிகள் மிக எளிமையானவை:

- ஒவ்வொரு சுற்றும் ஒரு வாரம். கீழே இருப்பவர் கேட்டதைக் கொடுக்க வேண்டும், மேலே இருப்பவரிடம் சரக்குக்கு ஆர்டர் போட வேண்டும்.
- போட்ட ஆர்டர் போய்ச் சேரவும், சரக்கு கைக்கு வந்து சேரவும் சில வாரங்கள் ஆகும்.
- ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது. கைமாறுவது ஆர்டர் எண்ணிக்கை மட்டும்தான்.
- ஸ்டாக்கில் தேங்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் வாரம் அரை டாலர் செலவு. கொடுக்க முடியாமல் பாக்கி வைத்தால் பெட்டிக்கு வாரம் ஒரு டாலர்.
- வாடிக்கையாளர் எவ்வளவு வாங்குகிறார் என்பது சில்லறை வியாபாரிக்கு மட்டுமே தெரியும்.

நான்கு பேரின் மொத்தச் செலவும் மிகக் குறைவாக இருக்கும் அணியே வெற்றி பெறும். அவ்வளவுதான் விளையாட்டு.

இதில் ஒரு ரகசியம் இருக்கிறது. முதல் 4 வாரம் வாடிக்கையாளர் வாரத்துக்கு 4 பெட்டி வாங்குவார். 5-வது வாரத்தில் அது 8 ஆகும். அதன் பிறகு கடைசி வரை 8 தான். விளையாட்டு முழுவதும் வெளியில் இருந்து வரும் மாற்றம் அந்த ஒன்றே ஒன்றுதான்.

அப்புறம் ஏன் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள்?

சில்லறை வியாபாரியின் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம். தொடக்கத்தில் அவரிடம் 12 பெட்டி ஸ்டாக் இருக்கிறது. வாரம் 4 வருகிறது, 4 போகிறது. ஆர்டர் போட்டால் சரக்கு வர மொத்தம் 4 வாரம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம்.

- 5-வது வாரம்: 4 வந்தது, 8 போனது. ஸ்டாக் 8.
- 6-வது வாரம்: 4 வந்தது, 8 போனது. ஸ்டாக் 4.
- 7-வது வாரம்: 4 வந்தது, 8 போனது. ஸ்டாக் பூஜ்யம்.
- 8-வது வாரம்: 4 வந்தது, கேட்டது 8. பாக்கி 4.

5-வது வாரத்திலேயே அவர் 8 பெட்டி ஆர்டர் போட்டிருந்தாலும், அது 9-வது வாரம்தான் கைக்கு வரும். இடைப்பட்ட 4 வாரங்களில் வாரத்துக்கு 4 வீதம் 16 பெட்டி குறைந்துவிடுகிறது. ஆகவே அவர் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: வாராவாரம் 8, அதோடு ஒரே ஒரு தடவை மட்டும் கூடுதலாக 16. எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும்.

ஆனால் நடப்பது வேறு. 6-வது வாரம் ஸ்டாக் இறங்குவதைப் பார்த்ததும் கொஞ்சம் கூட்டிப் போடுகிறார். 7-வது வாரம் பூஜ்யம் ஆனதும் பதறிப்போய் இன்னும் கூட்டுகிறார். ஏற்கெனவே போட்ட ஆர்டர்கள் வழியில் வந்துகொண்டிருக்கின்றன என்பதை மறந்துவிடுகிறார். பேருந்து வரவில்லை என்று ஆட்டோவை அழைத்து, ஆட்டோவும் தாமதமாகிறதே என்று இன்னொரு ஆட்டோவை அழைத்தால், கடைசியில் மூன்றும் ஒரே நேரத்தில் வந்து நிற்கும் இல்லையா, அதே கதைதான்.

இவர் பதறிப்போய் அனுப்பிய ஆர்டரைத்தான் மொத்த வியாபாரி 'சந்தை' என்று நினைக்கிறார். அவர் தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் கூட்டுகிறார். டிஸ்ட்ரிபியூட்டர் அதற்கும் மேல். ஆலைக்குப் போய்ச் சேரும்போது அது பெரிய அலையாகிவிடுகிறது. சில வாரங்கள் கழித்து எல்லாச் சரக்கும் மொத்தமாக வந்து இறங்கும்போது, வாங்க ஆள் இருக்காது. எல்லோரும் ஆர்டரை நிறுத்துவார்கள். ஆலை ஈ ஓட்டும்.

எண்கள் சொல்வது என்ன?

எம்ஐடி பேராசிரியர் ஜான் ஸ்டெர்மன் இந்த விளையாட்டின் முடிவுகளை ஆராய்ந்து 1989-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அணிகளின் சராசரிச் செலவு, சரியாக விளையாடினால் ஆகியிருக்கக்கூடிய செலவைப் போல ஏறக்குறைய 10 மடங்கு. வாடிக்கையாளரின் தேவை 4-லிருந்து 8-க்குத்தான் ஏறியது. ஆனால் ஆலையின் ஆர்டர் உச்சத்தில் சராசரியாக வாரத்துக்கு 32 பெட்டி வரை போனது.

விளையாட்டு முடிந்ததும் ஆலை, டிஸ்ட்ரிபியூட்டர் வேடத்தில் இருந்தவர்களிடம் ஒரு தாளைக் கொடுத்து, 'வாடிக்கையாளர் தேவை எப்படி இருந்திருக்கும்? வரைந்து காட்டுங்கள்' என்பார்கள். பெரும்பாலானோர் மலையும் பள்ளத்தாக்குமாக வரைவார்கள். நிஜக் கோடு ஒரே ஒரு படி ஏறி, பிறகு நேராகப் போகிறது என்று காட்டும்போது வகுப்பே அமைதியாகிவிடும். அதுவரை 'மொத்த வியாபாரிதான் சொதப்பினான்', 'கஸ்டமர் சரியில்லை' என்று பழி போட்டவர்களுக்கு, தவறு எந்த ஒரு மனிதரிடமும் இல்லை, அமைப்பில் இருக்கிறது என்பது புரியும் இடம் அது.

இதைப் புத்தகத்தில் படித்தால் 'தகவல் தாமதமானால் ஆர்டர் ஏற்ற இறக்கம் பெருகும்' என்று ஒரு வரி. தேர்வில் எழுதலாம், மறுநாள் மறக்கலாம். தானே நஷ்டப்பட்டுப் பார்த்தவர் அவ்வளவு சீக்கிரம் மறக்க மாட்டார்.

நிஜ வியாபாரத்தில் இப்படி நடக்குமா?

நடக்கும். இதற்கு 'புல்விப் எஃபெக்ட்' என்று பெயர். சாட்டையின் பிடியைக் கொஞ்சம் அசைத்தால் நுனி பெரிதாக வீசுவது போன்றது என்பதால் வந்த பெயர். பி அண்ட் ஜி நிறுவனம் தனது 'பேம்பர்ஸ்' குழந்தை டயப்பரில் இதைக் கவனித்தது. குழந்தைகள் ஒரே சீராகத்தான் டயப்பரைப் பயன்படுத்துகின்றன. ஆனால் நிறுவனத்துக்கு வந்த ஆர்டர்கள் தாறுமாறாக ஏறி இறங்கின.

தீர்வு? கடையின் விற்பனைத் தகவலை மேலே இருப்பவருக்கும் நேரடியாகக் காட்டுவது. 1980-களின் பிற்பகுதியில் பி அண்ட் ஜி நிறுவனமும் வால்மார்ட்டும் இப்படித் தகவலைப் பகிரத் தொடங்கியது விநியோகச் சங்கிலி வரலாற்றில் முக்கியத் திருப்பமாகச் சொல்லப்படுகிறது. கொரோனா காலத்தில் செமிகண்டக்டர் சிப் தட்டுப்பாடு வந்தபோது, நிறுவனங்கள் பதறிப்போய்த் தேவைக்கு மேல் ஆர்டர் போட்டதும் இதே நோய்தான்.

கணினி வந்ததால் என்ன லாபம்?

பீர் கேம் முதலில் கணினியில் விளையாடப்பட்டது அல்ல. பெரிய அட்டை, வில்லைகள், துண்டுச் சீட்டுகளோடு மேஜையில் விளையாடியது. இன்றும் பல இடங்களில் அப்படித்தான் விளையாடுகிறார்கள். கணினிக்கு மாற்றியதில் மூன்று வசதிகள்.

முதலாவது, கணக்குப் பிழை இல்லை. ஒருவர் கூட்டலில் தவறினால் மேஜை முழுக்கக் குழப்பம் என்ற நிலை போய்விட்டது. இரண்டாவது, ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து அணிகள் விளையாடலாம், முடிந்த நொடியே எல்லோருடைய வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டலாம். மூன்றாவதுதான் பெரிய லாபம்: ஒரே ஒரு விதியை மாற்றி மறுபடியும் ஓட்டிப் பார்க்கலாம். 'இப்போது நால்வருக்கும் கடை விற்பனை தெரியும்' என்று மாற்றி விளையாட விட்டால், தகவலின் மதிப்பு எத்தனை டாலர் என்று மாணவரே கண்ணால் பார்ப்பார்.

இழப்பும் உண்டு. திரையில் 'மைனஸ் 20' என்று தெரிவதற்கும், எதிரே இருப்பவர் வில்லை இல்லாமல் தவிப்பதை நேரில் பார்ப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அதோடு, பிரபலமான விளையாட்டு என்பதால் '5-வது வாரம் 8' என்ற ரகசியம் இணையத்தில் தேடினாலே கிடைக்கும். அதனால் ஆசிரியர் எண்களை மாற்றித்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, விளையாட்டு முடிந்த பிறகு நடக்கும் அலசல். 'ஏன் அந்த வாரம் அவ்வளவு ஆர்டர் போட்டீர்கள்? அப்போது உங்களுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது?' என்று கேட்டுக் கேட்டு வெளியே கொண்டுவர ஒரு நல்ல ஆசிரியர் தேவை. அது இல்லையென்றால் மாணவர்கள் 'ஜாலியா இருந்துச்சு' என்று எழுந்து போய்விடுவார்கள். கணினியால் தவறைக் காட்ட முடியும். தவறுக்குக் காரணத்தை ஒப்புக்கொள்ள வைப்பது ஆசிரியரின் வேலை.

எக்செல் போன்ற மென்பொருள்: பிறந்த இடமே எம்பிஏ வகுப்புதான்

இன்று கணக்காளர் முதல் கம்பெனி முதலாளி வரை பயன்படுத்தும் மின்னணு விரிதாளுக்கும் நிர்வாக வகுப்பறைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1978-ல் ஹார்வர்டில் எம்பிஏ படித்துக்கொண்டிருந்தவர் டான் பிரிக்லின். கட்டம் கட்டமாகப் போட்ட நிதிக் கணக்கில் ஓர் எண்ணை மாற்றினால், அதைச் சார்ந்த எல்லா எண்ணையும் அழித்து மறுபடி எழுத வேண்டியிருந்தது. 'ஒன்றை மாற்றினால் மற்றதெல்லாம் தானே மாறினால் எப்படி இருக்கும்?' என்ற யோசனையே நண்பர் பாப் ஃபிராங்ஸ்டனோடு சேர்ந்து அவர் உருவாக்கிய 'விசிகால்க்' மென்பொருள். 1979-ல் ஆப்பிள் 2 கணினிக்கு அது வெளிவந்தது. எக்செல் எல்லாம் அதன் பின்னால் வந்த வாரிசுகள்.

விரிதாள் மாணவருக்குக் கொடுத்த பெரிய வரம் 'இப்படி மாறினால் என்ன ஆகும்?' என்ற கேள்வி. வட்டி 9 சதவீதத்துக்குப் பதில் 11 ஆனால்? விற்பனை கால் பங்கு குறைந்தால்? ஒரு நொடியில் விடை கிடைக்கும்.

ஆபத்தும் அங்கேதான். 2010-ல் பொருளாதார அறிஞர்கள் கார்மென் ரெய்ன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் இருவரும், அரசுக் கடன் நாட்டின் உற்பத்தி மதிப்பில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி படுத்துவிடும் என்று ஒரு கட்டுரை எழுதினார்கள். பல நாடுகளின் சிக்கன நடவடிக்கை விவாதங்களில் அது மேற்கோள் காட்டப்பட்டது. 2013-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் தாமஸ் ஹெர்ன்டன், வகுப்பில் கொடுத்த வீட்டுப்பாடத்துக்காக அந்தக் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தார். விடை பொருந்தவில்லை. மூல எக்செல் கோப்பை வாங்கிப் பார்த்தபோது, சராசரி எடுக்கும் சூத்திரத்தில் ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன.

அதையும், தரவுத் தேர்விலும் கணக்கிட்ட முறையிலும் இருந்த வேறு சிக்கல்களையும் சேர்த்துச் சரிசெய்தபோது, மைனஸ் 0.1 சதவீதம் என்று சொல்லப்பட்ட சராசரி வளர்ச்சி பிளஸ் 2.2 சதவீதம் என்று வந்தது. எக்செல் பிழையை ஆசிரியர்களும் ஒப்புக்கொண்டார்கள்.

மாணவருக்கு இதில் உள்ள பாடம் எளிது. கணினி தப்பாகக் கூட்டாது. ஆனால் தப்பான கட்டங்களைக் கூட்டச் சொன்னால், மறுபேச்சில்லாமல் கூட்டிக் கொடுத்துவிடும்.

வீடியோ பாடங்கள்: எல்லோருக்கும் கிடைக்கும், எல்லோரும் முடிப்பதில்லை

தொழில்நுட்பம் என்றதும் பலரும் நினைப்பது ஆன்லைன் வகுப்பைத்தான். இதில் சென்னைக்கும் பெரிய பங்கு உண்டு. ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய என்பிடெல் திட்டத்தை ஐஐடி மெட்ராஸ் ஒருங்கிணைக்கிறது. பொறியியலோடு நிர்வாகவியல் பாடங்களும் அதில் இலவசமாகக் கிடைக்கின்றன. சான்றிதழ் வேண்டுமானால் வாராந்திரப் பயிற்சிகளை முடித்து, கட்டணம் கட்டி, தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். 2017-ல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் 'ஸ்வயம்' தளத்திலும் இவை உள்ளன. ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படித்து மதிப்பெண் புள்ளிகளாகச் சேர்த்துக்கொள்ளப் பல்கலைக்கழகங்கள் அனுமதிக்கலாம் என்று யுஜிசியின் 2021 விதிகள் சொல்கின்றன.

ஒரு சிறிய ஊரில் உள்ள கல்லூரி மாணவருக்கு, ஐஐடி பேராசிரியரின் பாடம் போனிலேயே கிடைப்பது சாதாரண விஷயமில்லை. ஆனால் கிடைப்பது வேறு, முடிப்பது வேறு. ஹார்வர்டும் எம்ஐடியும் 2012-13 காலகட்டத்தில் நடத்திய முதல் 17 திறந்தநிலை ஆன்லைன் பாடங்களில் 8,41,687 பதிவுகள் வந்தன. சான்றிதழ் பெற்றவர்கள் 43,196 பேர். அதாவது நூற்றுக்கு 5 பேர்.

பாடத்தைக் கேட்பதற்கு வீடியோ போதும். வாதாடுவதற்கு அது போதாது. அதனால்தான் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் 2015-ல் ஒரு தொலைக்காட்சி ஸ்டுடியோவிலேயே மெய்நிகர் வகுப்பறை அமைத்தது. பேராசிரியரைச் சுற்றி உயரமான திரைச் சுவர். அதில் உலகின் பல மூலைகளில் இருந்து 60 பேர் வரை முகம் காட்டுவார்கள். யாரை வேண்டுமானாலும் எழுப்பிக் கேள்வி கேட்கலாம். இன்று ஜூம் போன்ற செயலிகளில் மலிவாகக் கிடைப்பது கிட்டத்தட்ட அதுதான். ஆனால் கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்தால் எந்தத் திரைச் சுவரும் உதவாது.

சாட்ஜிபிடி வந்த பிறகு என்ன மாறியது?

2023 ஜனவரியில் அமெரிக்காவின் வார்ட்டன் பிசினஸ் ஸ்கூல் பேராசிரியர் கிறிஸ்டியன் டெர்வீஷ் ஒரு சோதனை செய்தார். தன் எம்பிஏ மாணவர்களுக்குக் கொடுக்கும் செயல்பாட்டு மேலாண்மைத் தேர்வை சாட்ஜிபிடியிடம் கொடுத்தார். அவர் கணிப்பில் அதற்குக் கிடைத்திருக்கக்கூடிய தரம் 'பி' அல்லது 'பி மைனஸ்'. விளக்கங்கள் பிரமாதம். ஆனால் ஆறாம் வகுப்புக் கணக்கு அளவிலான எளிய இடங்களில் சறுக்கியது. அதன் பிறகு வந்த பதிப்புகள் கணக்கிலும் வெகுவாகத் தேறிவிட்டன.

இன்னொரு முக்கியமான ஆய்வு அதே ஆண்டில் வெளிவந்தது. பாஸ்டன் கன்சல்டிங் குரூப் நிறுவனத்தின் 758 ஆலோசகர்களை வைத்து ஹார்வர்டு, வார்ட்டன், எம்ஐடி ஆய்வாளர்கள் நடத்தியது. ஏஐக்குக் கைவந்த வேலைகளில், ஜிபிடி-4 பயன்படுத்தியவர்கள் 12.2 சதவீதம் கூடுதல் பணிகளை 25.1 சதவீதம் வேகமாக முடித்தார்கள். தரமும் உயர்ந்தது. ஆனால் ஏஐ தவறும்படி வேண்டுமென்றே வடிவமைத்த ஒரு வணிகப் பிரச்னையில் கதை மாறியது. ஏஐ பயன்படுத்தியவர்கள் சரியான விடையைத் தொடும் வாய்ப்பு, பயன்படுத்தாதவர்களைவிட 19 சதவீதப் புள்ளிகள் குறைவாக இருந்தது.

இவர்கள் அனுபவம் உள்ள ஆலோசகர்கள். அவர்களே ஏமாந்தார்கள் என்றால், இப்போதுதான் படிக்கும் மாணவர் நிலை? கேஸ் ஸ்டடிக்கான விடையை ஏஐ எழுதிக் கொடுத்துவிட்டால், மாணவர் முடிவெடுக்கவே இல்லை என்று அர்த்தம். அவர் பார்வையாளராக மட்டும் இருந்திருக்கிறார்.

அதற்காகத் தடை போட்டு என்ன பயன்? வேலைக்குப் போனதும் அவர்கள் அதைப் பயன்படுத்தத்தான் போகிறார்கள். வார்ட்டனின் ஈதன் மோலிக் போன்ற பேராசிரியர்கள், ஏஐயைப் பயன்படுத்தியே ஆக வேண்டும், ஆனால் அது தரும் தவறுகளுக்கு மாணவரே பொறுப்பு என்ற விதியோடு வகுப்பெடுக்கத் தொடங்கினார்கள். ஏஐ கொடுத்த விடையில் ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்கச் சொல்வது, கோபக்கார வாடிக்கையாளராகவோ விடாப்பிடியான சப்ளையராகவோ ஏஐயை நடிக்க வைத்துப் பேரம் பேசிப் பழகுவது என்று வகுப்பில் வேறு வழிகளும் இருக்கின்றன.

ஆன்லைன் எம்பிஏ செல்லுமா?

முழுக்க ஆன்லைனில் படிக்கும் எம்பிஏ பட்டத்தை யுஜிசியின் 2020 விதிகள் அனுமதிக்கின்றன. அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் முறைப்படி படித்திருந்தால், அது நேரடி வகுப்பில் பெற்ற பட்டத்துக்கு இணையானது என்று 2022 செப்டம்பரில் யுஜிசி தெளிவுபடுத்தியது. ஆனால் பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இருந்தால் மட்டும் போதாது. அந்தக் குறிப்பிட்ட ஆன்லைன் படிப்புக்கு, சேரும் ஆண்டில் அனுமதி இருக்க வேண்டும். யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் பட்டியலைப் பார்த்த பிறகு பணம் கட்டுவதே பாதுகாப்பு.

சேரும் முன் கல்லூரியிடம் என்ன கேட்கலாம்?

'ஸ்மார்ட் கிளாஸ் இருக்கிறதா?' என்று கேட்டால் எல்லோரும் 'இருக்கிறது' என்பார்கள். அதைவிட இந்தக் கேள்விகள் பயன்படும்:

- இரண்டு ஆண்டுகளில் மாணவர்கள் எத்தனை சிமுலேஷன் விளையாடுகிறார்கள்? எந்தெந்தப் பாடத்தில்?
- விளையாடி முடித்ததும் அலசல் வகுப்பு உண்டா? அதற்கு எவ்வளவு நேரம்?
- மதிப்பெண் எதற்கு? ஜெயித்ததற்கா, ஏன் தோற்றோம் என்று விளக்குவதற்கா?
- எக்செல் தனிப் பாடமா, அல்லது நிதி, மார்க்கெட்டிங், உற்பத்தி எல்லாவற்றிலும் பயன்படுத்துகிறார்களா?
- ஏஐ பயன்பாட்டுக்கு எழுத்துப்பூர்வமான விதி இருக்கிறதா?
- ஆசிரியர்களுக்கு இதில் பயிற்சி கொடுக்கப்பட்டிருக்கிறதா?

கடைசிக் கேள்விக்கு வரும் பதிலில் பாதி உண்மை தெரிந்துவிடும்.

பணம் இல்லாமல் பழக முடியுமா?

முடியும். எம்ஐடி ஸ்லோன் நிர்வாகப் பள்ளியின் இணையதளத்தில் பல சிமுலேஷன்கள் இலவசம். அதில் 'ஃபிஷ்பேங்க்ஸ்' விளையாட்டைத் தவறவிடக் கூடாது. மீன்பிடி நிறுவனங்கள் போட்டி போட்டுப் படகு வாங்குவார்கள், கடைசியில் கடலில் மீனே இருக்காது. பொது வளத்தை எப்படிக் காலி செய்கிறோம் என்பதைப் புரியவைத்துவிடும்.

கணக்குப் போட எக்செல் வாங்க முடியாதவர்களுக்கு லிப்ரே ஆபிஸ் கால்க் இலவசம். இணையமே சரியாக இல்லாத இடத்தில்? நான்கு மேஜை, கொஞ்சம் புளியங்கொட்டை, துண்டுச் சீட்டுகள் இருந்தால் பீர் கேமைக் கையாலேயே ஆடலாம். ஆலை ஆர்டர் எகிறுவதைப் பார்க்கக் கணினி கட்டாயமில்லை.

நிர்வாகப் படிப்பில் ஒரு தொழில்நுட்பம் பயன் தருகிறதா என்று அறிய ஒரே ஒரு சோதனை போதும். அந்த வகுப்பில் மாணவர் ஏதாவது ஒரு முடிவை எடுத்தாரா, அதன் விளைவு அவர் முன்னால் வந்து நின்றதா? இரண்டுக்கும் 'ஆம்' என்றால், வேலைக்குப் போன பிறகு நிறுவனத்தின் பணத்தில் செய்ய வேண்டிய தவறை, அவர் படிக்கும்போதே செலவில்லாமல் செய்து முடித்துவிட்டார் என்று அர்த்தம்.